உடவளவை யானைக் கன்றுகள் காப்பகம்: தொட முடியாது, அதனாலேயே போய்ப் பாருங்கள்

இலங்கைக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க்காரர்கள் யானை பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் பின்னவளைக்குத்தான் போகிறார்கள். கொழும்பிலிருந்து கண்டி போகும் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, டூர் பேக்கேஜில் அதுவாகவே சேர்ந்து வந்துவிடுகிறது, யானைகள் ஆற்றில் குளிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் யானைக்காக ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், கொஞ்சம் சிரமப்பட்டாவது தெற்கே உடவளவைக்குப் போங்கள். அங்கே தாயை இழந்த யானைக் கன்றுகளை வளர்த்து, வளர்ந்ததும் காட்டுக்கே திருப்பி அனுப்பும் ஒரு காப்பகம் இருக்கிறது. குழந்தைகளோடு வெளியூர் போய்ப் பார்த்த இடங்களில் இவ்வளவு மன நிறைவோடு நான் திரும்பிய இடம் வேறு எதுவும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றத்தோடு திரும்பக் கூடாது என்பதற்காக. இங்கே கன்றைத் தொட முடியாது. பால் புட்டியை நம் கையில் தர மாட்டார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க முடியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் பார்வையாளர் மேடை, அங்கிருந்து பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் பார்க்கலாம், அது முடிந்ததும் கன்றுகள் போய்விடும், நாமும் கிளம்ப வேண்டியதுதான். மொத்தமே அரை மணி நேரம் இருக்கும். எங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து தந்தவர் "குட்டிக்கு நீங்களே பால் கொடுக்கலாம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லித்தான் இதைத் திட்டத்தில் சேர்த்திருந்தார். அது பொய் என்று வழியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வண்டி ஓட்டிய அண்ணன் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர், நல்ல தமிழ். "அக்கா, அங்க தொட ஏலாது. கிட்டப் போகவும் விட மாட்டாங்க. தொட்டுப் பழகினா அதுகள பிறகு காட்டுல விட ஏலாதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த இடத்தின் முழு நியாயமும் இருக்கிறது. நீங்களும் ஏஜென்ட் மூலம் போகிறீர்கள் என்றால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

இந்தக் காப்பகத்தை 1995இல் இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் தொடங்கியது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் வனத்துறை நடத்தும் இடம். சிங்களத்தில் 'எத் அதுரு செவன' என்பார்கள், பஸ்ஸில் வழி கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர் உதவும். உடவளவை நீர்த்தேக்கத்தை ஒட்டி, தேசியப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடம் அப்படி அமைந்திருப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கன்றுகள் இங்கே கூண்டில் அடைந்து கிடப்பதில்லை. பால் குடித்த பிறகு புல்வெளிப் பக்கம் போய் மேய்கின்றன, தண்ணீரில் இறங்குகின்றன, ஒன்றையொன்று முட்டித் தள்ளி விளையாடுகின்றன. ஊழியர்கள் கண்காணிப்பார்கள், அவ்வளவுதான். காட்டில் வாழ என்ன தெரிய வேண்டுமோ அதைக் கூட்டாளிகளிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு கன்றுகள் எப்படித் தாயில்லாமல் போயின என்ற கேள்வி அங்கே நிற்கும்போது தானாக வரும். பதில் கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கோயம்புத்தூர்க்காரியான எனக்கு அதில் ஒன்றுகூடப் புதிதாக இல்லை. தாய் யானையைத் தோட்டத்துக்குள் வந்ததற்காகச் சுட்டுவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவரில்லாத விவசாயக் கிணற்றில் கன்று விழுந்துவிடுகிறது, கூட்டம் விடியும்வரை சுற்றிச் சுற்றி நின்றுவிட்டு ஆள் நடமாட்டம் வந்ததும் விலகிப் போய்விடுகிறது. ரயிலில் அடிபடுகிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கால் மாட்டுகிறது. அப்புறம் வெடி. தீனிக்குள் நாட்டு வெடியைப் பொதித்து வைப்பதை அங்கே ஹக்க பட்டாஸ் என்கிறார்கள், நம் பக்கத்தில் அவுட்டுக்காய். கடித்ததும் வாய்க்குள் வெடித்து, தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிற சாவு அது. இலங்கையில் 2011இல் எடுத்த கணக்கெடுப்பில் காட்டு யானைகள் 5,879. 2023இல் மட்டும் அங்கே இறந்த யானைகள் 400க்கும் மேல். சின்னத் தீவு, அவ்வளவு யானைகள், அத்தனை பேருக்கும் வேண்டிய வயல்கள். இப்படித் தனியான கன்றுகள்தான் உடவளவைக்கு வந்து சேர்கின்றன.

சரி, பால் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், எல்லோரும் போவது அதற்காகத்தான்.

கன்றுகளை மொத்தமாகத் திறந்துவிடுவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கும், நாலைந்தாக உள்ளே விடுவார்கள். விட்டதும் ஓட்டம்தான். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, காதை விரித்துக்கொண்டு, குட்டையான கால்களால் தடதடவென்று நேராகப் பால் வைத்திருக்கும் ஆளிடம் வரும். இங்கே புட்டி இல்லை, புனலோடு இணைத்த ரப்பர் குழாய். குழாயைக் கன்றின் வாயில் வைத்துவிட்டு மேலே புனலில் பாலை ஊற்றுகிறார்கள். அளவு வயதுக்கு ஏற்ப மாறும். சின்னதுகளுக்குப் பால் அதிகம்; பெரியதுகளுக்குக் குறைத்துக்கொண்டே வந்து இலைதழைக்கு மாற்றிவிடுகிறார்கள். குடித்து முடித்த கன்று அவ்வளவு சீக்கிரம் நகராது. இன்னும் கொஞ்சம் என்று குழாயைத் தேடும், ஊழியரின் இடுப்பில் தலையால் முட்டும், பக்கத்துக் கன்றின் பங்குக்குள் தும்பிக்கையை நுழைக்கும். ஊழியர்கள் கொஞ்சுவதில்லை, அடிப்பதும் இல்லை. கையால் தள்ளிவிட்டு அடுத்ததைக் கவனிக்கிறார்கள். அந்தக் கறார்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அத்தனை கன்றுகளும் ஒருநாள் அவர்களை மறந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு வேலை செய்பவர்கள் அவர்கள்.

என் மாமியார் "தாயில்லாப் புள்ளைங்கம்மா, கொஞ்சம் தடவிக் கொடுத்தாத்தான் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் அது. யானைக் கன்றுக்கு அன்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது கூட்டத்தோடு வாழும் பிராணி, அம்மா, பெரியம்மா, அக்கா என்று ஒரு பட்டாளமே சேர்ந்துதான் ஒரு கன்றை வளர்க்கும். ஆனால் அந்த ஒட்டுதல் ஒரே மனிதரிடம் போய் நின்றுவிட்டால் கன்றுக்கே ஆபத்து. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற அம்மையார் பல ஆண்டுகள் போராடி அநாதை யானைக் கன்றுகளை வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர். பசும்பாலின் கொழுப்பு யானைக் கன்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கில் செத்துவிடும், அதனால் தேங்காய் எண்ணெய் கலந்த ஒரு பால் கலவைக்கு அவர் வந்து சேர்ந்தார். ஆரம்ப காலத்தில் அவர் தன் கையாலேயே வளர்த்த ஆயிஷா என்ற கன்று, மகள் கல்யாணத்துக்காக அவர் சில நாட்கள் வெளியூர் போயிருந்தபோது, சாப்பிடாமல் ஏங்கி இறந்துபோனது. அதன் பிறகுதான் ஒரு கன்றுக்கு ஒரே ஆள் என்று இல்லாமல் ஆட்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். கென்யாவில் ஊழியர்கள் இரவில் கன்றோடு படுத்துத் தூங்குவார்கள். உடவளவையில் முறை வேறு, மனிதக் கை முடிந்தவரை குறைவு, கன்றுக்குக் கன்றே துணை. மாமியாரிடம் இவ்வளவையும் சொன்னதும் "அப்படின்னா தூரமாவே இருக்கட்டும்" என்றார், அதற்குப் பிறகு தடுப்புக்கு மேல் சாய்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் குடும்பத்துக்கு அவரே எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பால் வேலையில் நாம் பார்ப்பது பகலில் நடப்பது மட்டுமே. ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் வேலை இது. பால் பவுடர் செலவை யோசித்துப் பாருங்கள். பிறக்கும்போதே 100 கிலோ இருக்கும் குழந்தை, அப்படி எத்தனையோ குழந்தைகள், வருடக்கணக்கில். டிக்கெட் காசு இதற்குப் போதாது, அதனால் ஒரு கன்றின் செலவை ஏற்றுக்கொள்ளும் வளர்ப்புப் பெற்றோர் திட்டமும் வைத்திருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு ஹோட்டலில் செலவழிக்கும் காசை ஒரு தடவை இதற்குக் கொடுக்கலாம் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

கிட்டத்தட்ட ஐந்து வயதாகும்போது விடுவிப்பு. தனியாக விடுவதில்லை, சேர்ந்து வளர்ந்த சிலதைக் குழுவாக விடுகிறார்கள், புது இடத்தில் தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கும். 1998இல் முதல் குழு உடவளவைக் காட்டுக்குள்ளேயே போனது. பிறகு லுணுகம்வெஹெர, மாதுறு ஓயா போன்ற பூங்காக்களிலும் விட்டிருக்கிறார்கள். சிலவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி எங்கே போகிறது, காட்டு யானைகளோடு சேருகிறதா என்று பின்தொடர்கிறார்கள். இதுவரை 100க்கும் மேற்பட்டவை காட்டுக்குப் போயிருக்கின்றன. இங்கே புனலில் பால் குடித்து வளர்ந்த பெண் யானைகள் காட்டில் ஆண் யானையோடு சேர்ந்து சொந்தமாகக் குட்டியும் போட்டிருக்கின்றன. இந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க ஒன்றும் இல்லை. காட்டு வாழ்வைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

எல்லாக் கன்றும் அந்தக் கட்டத்துக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெடியில் வாய் சிதைந்து வருவதும், தாய்ப்பால் குடிக்காத பிஞ்சாக வருவதும் பிழைப்பது மிகக் கடினம். காட்டில் விட முடியாத அளவுக்கு ஊனமானவையும் உண்டு. பாதத்தை இழந்து செயற்கைக் காலோடு வளர்ந்த நாமல் என்ற யானையை இங்கே வந்துபோன பலருக்கும் தெரியும்.

பின்னவளையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதுவும் 1975இல் அநாதைக் கன்றுகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது. பிறகு விலங்குக் காட்சிச்சாலைத் துறையின் கைக்குப் போய், இனப்பெருக்கமும் சுற்றுலாவும் சேர்ந்து, இன்று அங்கே இருப்பது மனிதர்களிடையே பிறந்து மனிதர்களிடையே வாழும் ஒரு பெரிய மந்தை. அந்த யானைகளுக்கு இனிக் காடு தெரியாது. பார்க்க அழகுதான், ஆற்றில் அத்தனை யானைகள் ஒன்றாக இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் காயப்பட்ட, தாயை இழந்த காட்டு விலங்கை நாம் எடுத்து வளர்ப்பது அதைத் திருப்பி விடுவதற்காக என்றால், உடவளவை அந்த வேலையைச் செய்கிறது, பின்னவளை செய்யவில்லை. என் கணக்கு இவ்வளவுதான்.

நம் ஊர் நினைப்பு வராமல் இருக்குமா? 2021 நவம்பரில் நவக்கரை பக்கத்தில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன, எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம்கூட இல்லை. தமிழ்நாட்டில் தாயைப் பிரிந்த கன்று கிடைத்தால் முதலில் கூட்டத்தோடு சேர்த்துவைக்கத்தான் வனத்துறை முயற்சி செய்கிறது. அதுதான் சரியான வழியும்கூட, எவ்வளவு நல்ல காப்பகமானாலும் தாய்க்கு ஈடாகாது. 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் தனியாக நின்ற கன்றை, ட்ரோன் விட்டு கூட்டத்தைக் கண்டுபிடித்துத் தாயோடு சேர்த்தார்கள், சில நாள் கழித்து அது தாயை அணைத்துத் தூங்கும் படம் வந்ததே, ஞாபகம் இருக்கும். ஆனால் சேர்க்க முடியாமல் போகும் கன்று நம்மிடம் வனத்துறையின் யானை முகாமுக்குத்தான் போகிறது. முதுமலை தெப்பக்காடு முகாமில் ரகு, பொம்மி இரண்டும் அப்படி வளர்ந்தவைதான். வளர்த்தவர்களின் அன்பில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கன்றுகள் உயிரோடு இருப்பதே அவர்களால்தான். இருந்தாலும் பாகனிடம் பழகிவிட்ட யானை முகாம் யானையாகவே வாழ்ந்து முடிக்கும். கன்றுகளைக் கூட்டமாக வளர்த்து, மனிதரிடம் ஒட்டவிடாமல், கூட்டமாகவே காட்டில் விடும் ஓர் இடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலும் வர வேண்டும் என்று உடவளவையில் நின்றுகொண்டு நான் ரொம்பவே ஆசைப்பட்டேன். கடல் தாண்டிய உடனே இருக்கும் ஊரில் முப்பது வருடமாக நடக்கும் வேலை இது.

விட்ட பிறகு அவை எங்கே போகும் என்பது இன்னொரு கவலை. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் உலவுகின்றன, அதில் 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அதாவது காட்டுக்குப் போகும் கன்று, எந்தச் சண்டையில் தாயை இழந்ததோ அதே சண்டைக்குள்தான் போகிறது. அதைக் காப்பகம் தீர்க்க முடியாது. ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் மின்வேலி போடுவது, பயிர் நஷ்டத்துக்குச் சீக்கிரம் காசு கொடுப்பது, இரவில் ரயில் வேகத்தைக் குறைப்பது இதெல்லாம் வேறு ஆட்கள் செய்ய வேண்டியவை.

இனி நடைமுறை விஷயங்கள். கொழும்பிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் குறையாது, மலைப் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவிலிருந்து வந்தால் அதில் பாதி. பஸ்ஸில் வருகிறவர்கள் எம்பிலிப்பிட்டிய வந்து மாறலாம். பால் நேரம் காலை 9, மதியம் 12, மாலை 3, 6 என்கிற மாதிரி இருக்கும், அவ்வப்போது மாற்றுகிறார்கள், தங்கும் இடத்தில் முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தவறவிட்டால் அடுத்த பால்வரை அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அரை மணி முன்னதாகப் போனால் முன்வரிசை கிடைக்கும், டூர் பஸ்கள் வந்துவிட்டால் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை உள்ளூர்க்காரர்களைவிட அதிகம், அதற்காகத் தயங்க வேண்டாம். தகவல் மையத்துக்குள் கொஞ்ச நேரம் செலவழியுங்கள், பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி நேராக மேடைக்கு ஓடிவிடுகிறார்கள். ஃப்ளாஷ் போடாதீர்கள், சத்தம் போட்டுக் கூப்பிடாதீர்கள், பிள்ளைகளுக்குத் தொப்பி வையுங்கள். விடியற்காலையில் பக்கத்துத் தேசியப் பூங்காவில் ஜீப் சவாரி, பிறகு 9 மணிப் பாலுக்கு இங்கே என்று வைத்துக்கொண்டால் ஒரே காலையில் இரண்டும் முடியும். காட்டில் பெரிய யானைகள் கன்றை நடுவில் வைத்து நடப்பதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இந்தக் கன்றுகள் எதை இழந்திருக்கின்றன என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடுகிறது, நாம் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, இதைத் தயவுசெய்து கேளுங்கள். தணமல்வில போகும் சாலையில் பூங்காவின் மின்வேலி ஓரமாகக் காட்டு யானைகள் வந்து நிற்கும். சாலையோரக் கடைகளில் பழம் வாங்கி வேலிக்கு மேலே போடுகிறார்கள், வண்டிக்கு வண்டி நின்று போடுகிறார்கள். நீங்கள் போடாதீர்கள். பழத்துக்குப் பழகிய யானை வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கு வரும், வண்டியை மறிக்கும், பிளாஸ்டிக் பையோடு சேர்த்து விழுங்கும், பிறகு ஆளைத் தாக்கிய யானை என்று பெயர் வாங்கும். காப்பகத்தில் மனிதரிடம் ஒட்டவிடாமல் வளர்த்துவிட்ட யானையும் அந்த வேலியோரம் வந்து நிற்கலாம். ஓட்டுநர் நிறுத்தினால் "வேண்டாங்க, போலாம்" என்று சொல்லுங்கள், பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.